ஹைடல்பெர்க்கில் முதல் பதினான்கு நாட்கள்: படிக்க வரும் மாணவருக்கான முழுமையான வழிகாட்டி

ஜெர்மனியின் தென்மேற்கில், நெக்கர் ஆறு மலைகளுக்கு நடுவிலிருந்து வெளிப்பட்டு ரைன் சமவெளியில் இறங்கும் இடத்தில் ஹைடல்பெர்க் நகரம் அமைந்திருக்கிறது. 1386-ஆம் ஆண்டில் முதலாம் ரூப்ரெக்ட் என்ற ஆட்சியாளர் நிறுவிய அதன் பல்கலைக்கழகம், இன்றைய ஜெர்மனியில் உள்ள பல்கலைக்கழகங்களில் மிகப் பழமையானது. சுமார் 1,60,000 பேர் வாழும் இந்த ஊரில் மாணவர்களே ஒரு பெரும் பகுதியினர் என்பதால், புதிதாக வந்து வழி தெரியாமல் நிற்கும் ஒருவரை இந்த ஊர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் பார்த்துப் பழகியிருக்கிறது. ஆனால் ஊருக்குப் பழக்கம் என்பதால் அலுவலகங்கள் விதிகளைத் தளர்த்துவதில்லை.

முதல் இரண்டு வாரங்களில் நீங்கள் முடிக்க வேண்டிய வேலைகள் பலவும் ஒரு சங்கிலிபோல் இணைந்தவை. ஒவ்வொன்றும் தனக்கு முந்தைய வேலையில் கிடைத்த தாளைக் கேட்கும். முகவரி இருந்தால்தான் நகர அலுவலகத்தில் முகவரிப் பதிவு, பதிவு இருந்தால்தான் பல வங்கிகளில் கணக்கு, கணக்கு இருந்தால்தான் உங்கள் சொந்தப் பணம் உங்கள் கைக்கு வரும். சங்கிலியின் முதல் கண்ணியே முகவரிதான் என்பதைப் புரிந்துகொள்ளாமல், வந்த முதல் வாரத்தைக் கோட்டையும் பாலமும் பார்ப்பதில் கழித்துவிட்டு மூன்றாவது வாரத்தில் கையில் பணமில்லாமல் தவித்தவர்களை நான் அறிவேன். நானும் ஏறக்குறைய அந்த நிலைக்குப் போனவன் என்பதால்தான் இந்த வரிசையை இவ்வளவு வற்புறுத்தி எழுதுகிறேன்.

புறப்படும் முன்

விசா ஒட்டப்பட்ட கடவுச்சீட்டு, பல்கலைக்கழக அனுமதிக் கடிதம், முடக்கக் கணக்கின் (விசாவுக்காக ஓராண்டுச் செலவை முன்கூட்டியே கட்டிவைத்து, மாதந்தோறும் ஒரு பகுதியாகப் பெறும் வங்கிக் கணக்கு) உறுதிச் சான்று, மருத்துவக் காப்பீட்டுச் சான்று, பட்டம் மற்றும் மதிப்பெண் சான்றிதழ்களின் அசல்கள், வாடகை ஒப்பந்தம் ஆகிய அனைத்தும் நீங்கள் கையில் கொண்டுசெல்லும் பையில் இருக்க வேண்டும். விமானத்தின் வயிற்றில் போகும் பெட்டி ஒருநாள் தாமதமாக வரலாம். சான்றிதழ்கள் அப்படித் தாமதமாகக் கூடாது. ஒவ்வொன்றிலும் இரண்டு அச்சுப்படிகள் எடுத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் இருக்கும் கோப்பை ஏற்காமல் தாளைக் கேட்கும் மேசைகள் ஜெர்மனியில் இன்னும் பல உண்டு.

வந்து இறங்கும் நாள் வார நாளாகவும், முடிந்தால் காலை நேரமாகவும் இருப்பது நல்லது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெர்மனியில் மளிகைக் கடைகளும் துணிக்கடைகளும் சட்டப்படி மூடியிருக்கும். சனிக்கிழமை இரவில் வந்து சேரும் மாணவருக்குத் திங்கள் காலைவரை அரிசியோ போர்வையோ வாங்குவது எளிதல்ல. அருகிலுள்ள பெரிய விமான நிலையம் ஃபிராங்க்ஃபர்ட். அங்கிருந்து ஹைடல்பெர்க் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. விமான நிலையத்திலிருந்தே ரயில் ஏறி, பெரும்பாலும் மான்ஹைமில் மாறி, சுமார் ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம்.

ஊரின் அமைப்பைப் புரிந்துகொள்ளுதல்

மத்திய ரயில் நிலையத்தை விட்டு வெளியே வருபவருக்கு முதலில் ஏமாற்றமே மிஞ்சும், ஏனென்றால் கண்ணெதிரே நிற்பவை நவீனக் கட்டடங்கள்தான். படங்களில் பார்த்த பழைய நகரம் அங்கிருந்து கிழக்கே இரண்டு கிலோமீட்டர் அளவில் தள்ளி இருக்கிறது. டிராமிலோ பேருந்திலோ பிஸ்மார்க்பிளாட்ஸ் என்ற சதுக்கத்துக்கு வந்தால், அங்கிருந்து கிழக்கு நோக்கி ஹாப்ட்ஸ்ட்ராசே என்ற முதன்மை வீதி சுமார் 1.6 கிலோமீட்டர் நேராக நீள்கிறது. அதன் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கோட்டை இருக்கும் மலை. இந்த வீதி நடப்போருக்கானது. சைக்கிளில் செல்வோர் அதற்கு இணையாக ஓடும் ப்ளோக் என்ற தெருவைப் பயன்படுத்துகிறார்கள்.

பல்கலைக்கழகம் ஒரே வளாகத்தில் இல்லை என்பது வீடு தேடும்போது மிக முக்கியமான செய்தி. மெய்யியல், வரலாறு, சட்டம், இறையியல் போன்ற துறைகள் பழைய நகரத்தில் இருக்கின்றன. பொருளியல், அரசியல் அறிவியல், சமூகவியல் ஆகியவை பெர்க்ஹைம் பகுதியில் இருக்கின்றன. இயற்கை அறிவியல் துறைகளில் பெரும்பாலானவையும், மருத்துவத் துறையும் மருத்துவமனைகளும் ஆற்றின் வடகரையில் நோயன்ஹைமர் ஃபெல்ட் என்ற பெரிய வளாகத்தில் அமைந்திருக்கின்றன. வேதியியல் படிக்க வரும் ஒருவர் பழைய நகரத்தின் அழகை நம்பி அங்கே அதிக வாடகைக்கு அறை எடுத்தால், ஒவ்வொரு காலையும் ஆற்றைக் கடந்து செல்ல வேண்டியிருக்கும்.

முகவரி: எல்லாவற்றுக்கும் அடிப்படை

ஹைடல்பெர்க்கில் அறை கிடைப்பது கடினம், வாடகையும் அதிகம். இதை மென்மையாகச் சொல்லிப் பயனில்லை. அனுமதிக் கடிதம் கைக்கு வந்த அன்றே ஸ்டுடீரண்டன்வெர்க் எனப்படும் மாணவர் நல அமைப்பின் விடுதிக்கு விண்ணப்பியுங்கள். விசா வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். விடுதி கிடைக்காதவர்கள் பலர் சேர்ந்து ஒரு வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் முறைக்குப் போகிறார்கள். இதை ஜெர்மானியர் வே-கே என்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அறை, சமையலறையும் குளியலறையும் பொது. நகருக்குள் கிடைக்காவிட்டால் எப்பல்ஹைம், டோசன்ஹைம் போன்ற அடுத்த ஊர்களிலும் மான்ஹைமிலும் தேடுவதில் தவறில்லை; டிராமும் புறநகர் ரயிலும் இவற்றை நன்றாக இணைக்கின்றன.

விளம்பரத்தில் இரண்டு வாடகைகள் எழுதியிருக்கும். கால்ட்மீட்டே என்பது இடத்துக்கான வாடகை மட்டும்; வார்ம்மீட்டே என்பது பராமரிப்பு, வெப்பமூட்டல் போன்றவற்றையும் சேர்த்தது. மின்சாரமும் இணையமும் அதற்குள் அடங்குமா என்பதைத் தனியாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பணமாகச் சட்டம் அனுமதிப்பது அதிகபட்சம் மூன்று மாதக் கால்ட்மீட்டே; அதையும் மூன்று தவணைகளில் செலுத்தும் உரிமை வாடகைதாரருக்கு உண்டு. வீட்டைப் பார்க்காமல், ஒப்பந்தம் கையில் இல்லாமல் பணம் கேட்பவர்களுக்கு ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். தான் வெளிநாட்டில் இருப்பதாகவும், பணம் வந்ததும் சாவியை அஞ்சலில் அனுப்புவதாகவும் சொல்லும் செய்தி வந்தால் அது மோசடி என்றே கொள்ளுங்கள். நாம் தொலைவிலிருந்து தேடுகிறோம், அவசரத்தில் இருக்கிறோம் என்பதை இந்த ஏமாற்றுக்காரர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள்.

வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி வாடகையைப் பற்றியது அல்ல. இந்த முகவரியில் பதிவு செய்ய அனுமதிப்பீர்களா என்பதே. அனுமதிப்பவர் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேடிகுங் என்ற ஒரு பக்க உறுதிமொழியில் கையெழுத்திட்டுத் தர வேண்டும். வாடகை ஒப்பந்தம் மட்டும் இருந்தால் போதாது. சாவி வாங்கும் நாளிலேயே இந்தத் தாளையும் வாங்கிவிடுங்கள். அதே நாளில் அறையில் ஏற்கெனவே இருக்கும் கீறல், கறை, உடைந்த பிடி எல்லாவற்றையும் படம் எடுத்து, ஒப்படைப்புக் குறிப்பில் எழுதி இருவரும் கையெழுத்திடுவது, பின்னாளில் முன்பணம் குறையாமல் திரும்பி வர உதவும்.

அடுத்து, எல்லோரும் மறக்கும் ஒரு சிறிய வேலை இருக்கிறது. கீழே இருக்கும் அஞ்சல் பெட்டியிலும் அழைப்பு மணிப் பலகையிலும் உங்கள் பெயரை எழுதி ஒட்டுங்கள். ஜெர்மனியில் அஞ்சல் பெட்டியில் பெயர் இல்லை என்றால், முகவரி சரியாக இருந்தாலும் கடிதம் திரும்பிப் போய்விடும். என் வங்கி அட்டையின் ரகசிய எண் வந்த கடிதம் இப்படித்தான் திரும்பிப் போனது. மீண்டும் கேட்டு, மீண்டும் வரும்வரை பதினொரு நாட்கள் கையிலிருந்த பணத்தை எண்ணி எண்ணிச் செலவழித்தேன். ஒரு துண்டுத் தாளும் பசைநாடாவும் போதும். கடவுச்சீட்டில் உள்ள பெயரையே எழுத வேண்டும், வீட்டில் அழைக்கும் பெயரை அல்ல.

முகவரிப் பதிவு

குடிபுகுந்த நாளிலிருந்து இரண்டு வாரங்களுக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது நாடு முழுவதற்குமான சட்டம். இதற்கு அன்மெல்டுங் என்று பெயர். இங்கு வரும் மாணவர்கள் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்ளும் ஜெர்மன் சொல் இதுவாகத்தான் இருக்கும். நகரின் பல பகுதிகளிலும் உள்ள பியூர்கர்அம்ட் என்ற குடிமக்கள் அலுவலகங்களில் ஏதாவது ஒன்றில் இதைச் செய்யலாம். அக்டோபரில் செமஸ்டர் தொடங்கும்போது சந்திப்பு நேரம் கிடைப்பது அரிது என்பதால், குடிபுகும் தேதி உறுதியான உடனேயே இணையத்தில் நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் பெயர்கள் இங்கே ஒரு தனிச் சிக்கலைத் தருகின்றன. ஜெர்மன் படிவங்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற இரண்டு கட்டங்களையும் எதிர்பார்க்கின்றன. நம்மில் பலருக்குக் குடும்பப்பெயரே கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கும், அல்லது கடவுச்சீட்டில் ஒரு கட்டம் காலியாக இருக்கும். எனவே பல்கலைக்கழகம் ஒரு வரிசையிலும், வங்கி வேறு வரிசையிலும், காப்பீடு மூன்றாவது வரிசையிலும் பெயரை எழுதிவிடுகின்றன. பிறகு இவை மூன்றும் ஒரே ஆளையே குறிக்கின்றன என்று நிறுவுவது உங்கள் வேலையாகிவிடும். பதிவுச் சான்று அச்சாகி வந்ததும் மேசையை விட்டு எழாமல், பெயரின் ஒவ்வோர் எழுத்தையும், பிறந்த தேதியையும், பிறந்த ஊரையும் கடவுச்சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் அங்கேயே திருத்திக்கொள்வது சில நிமிட வேலை. பின்னர் திருத்துவதற்கு மறுபடியும் நேரம் குறித்துக் காத்திருக்க வேண்டும். பதிவான வரிசையையே அதன்பின் எல்லா இடங்களிலும் மாற்றாமல் எழுதுங்கள்.

படிவத்தில் மதம் என்ன என்று ஒரு கேள்வி இருக்கும். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்று பதிவு செய்பவர்களிடமிருந்து பின்னர் வேலைக்குச் சேர்ந்து வருமான வரி கட்டும்போது தேவாலய வரியும் பிடிக்கப்படும். இந்த மாநிலத்தில் அது வருமான வரியில் 8 விழுக்காடு. கிறிஸ்தவ மாணவர்கள் இதை அறிந்தே பதில் எழுத வேண்டும்.

பதிவு முடிந்த சில வாரங்களில் வரி அடையாள எண் அஞ்சலில் வரும். அதைப் பத்திரப்படுத்துங்கள், பகுதிநேர வேலைக்கு அது தேவைப்படும். பொது வானொலி, தொலைக்காட்சிக்கான ஒலிபரப்புக் கட்டணம் கேட்டும் ஒரு கடிதம் வரும். ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ என்பதே அதன் அளவு. பகிர்வு வீட்டில் ஒருவர் கட்டினால் போதும், மற்றவர்கள் அவருடைய எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதலாம். தொலைக்காட்சி இல்லை என்ற காரணம் செல்லாது; கடிதத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால் நிலுவை மட்டுமே சேரும்.

பணம்

விசாவுக்காக முடக்கக் கணக்கில் நீங்கள் செலுத்திய தொகை, 2024 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள அளவின்படி ஓர் ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992 யூரோ. அது மாதந்தோறும் உங்களுக்கு வந்துசேர ஒரு நடப்புக் கணக்கு வேண்டும், அதற்குப் பல வங்கிகள் பதிவுச் சான்றைக் கேட்கும். எல்லாம் சரியாக நடந்தாலும் முதல் தொகை கைக்கு வர இரண்டு மூன்று வாரங்கள் ஆகலாம் என்று எண்ணியே திட்டமிடுங்கள். வாடகையும் முன்பணமும் உடனே கட்ட வேண்டியிருக்கும் என்பதால், அந்தத் தொகையை முடக்கக் கணக்கை நம்பாமல் தனியாகக் கொண்டுவருவது அவசியம். கல்விக் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் கல்வி இலவசம் என்று பொதுவாகச் சொன்னாலும், ஹைடல்பெர்க் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017-18 குளிர்கால செமஸ்டரிலிருந்து ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது.

காப்பீடும் சேர்க்கையும்

முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள் பொது மருத்துவக் காப்பீட்டில் மாணவர் கட்டணத்தில் சேரலாம். 2025-இல் அது மாதம் சுமார் 145 யூரோ. தனியார் காப்பீடு மலிவாகத் தோன்றும். ஆனால் பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்குப் பெற்றுக்கொண்டு தனியாருக்குப் போனவர், அந்தப் படிப்பு முடியும்வரை மாணவராகப் பொதுக் காப்பீட்டுக்குத் திரும்ப முடியாது. ஆகவே முப்பதுக்கு உட்பட்ட யாருக்கும் பொதுக் காப்பீட்டையே நான் பரிந்துரைப்பேன். நீங்கள் தேர்ந்தெடுக்கும் காப்பீட்டு நிறுவனம் பல்கலைக்கழகத்துக்கு மின்னணு முறையில் தகவல் அனுப்பிய பிறகுதான் சேர்க்கை நிறைவடையும். அந்தத் தகவல் போய்விட்டதா என்பதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மாணவர் நிர்வாகத்துக்குப் பழைய நகரத்தில் செமினார்ஸ்ட்ராசேயில் உள்ள கட்டடத்துக்குச் செல்ல வேண்டும். சேர்ந்த பின் கிடைக்கும் பல்கலைக்கழக மின்னஞ்சலை அன்றிலிருந்தே நாள்தோறும் திறந்து பாருங்கள். தேர்வுப் பதிவு முதல் அடுத்த செமஸ்டர் கட்டணம்வரை எல்லா அறிவிப்புகளும் அங்கேதான் வருகின்றன.

வதிவிட அனுமதி

விசாவில் எழுதியிருக்கும் கடைசித் தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, அதற்கு இரண்டு மாதமாவது முன்னதாக வெளிநாட்டவர் அலுவலகத்தில் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். விசா காலாவதியாகும் முன் விண்ணப்பித்தவரின் நிலை, முடிவு வரும்வரை சட்டப்படி பாதுகாக்கப்படுகிறது. பிறகு விண்ணப்பிப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு தானாகக் கிடைக்காது. 2025 மே மாதத்திலிருந்து தாளில் அச்சிட்ட படங்களுக்குப் பதில் டிஜிட்டல் படமே ஏற்கப்படுகிறது என்பதால், ஊரிலிருந்து படங்களைக் கட்டாக எடுத்துவரத் தேவையில்லை.

வேலை பார்க்க விரும்புபவர்களுக்கு 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் அனுமதி உண்டு. ஆனால் முதல் செமஸ்டரில் மொழியையும் பாடத்தையும் ஒருசேரப் பிடிப்பதே பெரிய வேலை. முடிந்தவர்கள் சில மாதங்கள் பொறுத்திருப்பது நல்லது.

வகுப்பறையின் வழக்கங்கள்

கால அட்டவணையில் 10 சி.டி. என்று போட்டிருந்தால் வகுப்பு பத்தேகாலுக்குத் தொடங்கும். எஸ்.டி. என்றிருந்தால் சரியாகப் பத்து மணிக்கு. இந்தக் கால்மணி நேர வழக்கம் பழைய பல்கலைக்கழக மரபின் எச்சம். விரிவுரை முடிந்ததும் எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். அது கைதட்டலுக்கு ஈடானது. பேராசிரியரை அவராகச் சொல்லும்வரை பட்டத்தோடும் குடும்பப்பெயரோடும், நம்முடைய நீங்கள் என்பதற்கு இணையான ஸீ என்ற மரியாதைச் சொல்லோடும் அழைக்க வேண்டும். சக மாணவர்களிடம் டு என்று சொல்வதே இயல்பு. நம் மொழியிலும் நீ, நீங்கள் என்ற வேறுபாடு இருப்பதால் இதை நாம் விரைவில் பிடித்துக்கொள்கிறோம்.

ப்ளோக் தெருவில் உள்ள பல்கலைக்கழக நூலகத்துக்கு முதல் வாரத்திலேயே போய்விடுங்கள். இடைக்கால ஜெர்மன் பாடல்களின் புகழ்பெற்ற கையெழுத்துப் படியான மனெஸே சுவடி இந்த நூலகத்துக்குச் சொந்தமானது. அந்த நூலகத்திலேயே குளிர்காலத்தில் வெதுவெதுப்பான, அமைதியான இருக்கையும் கிடைக்கும். மதிய உணவுக்கு மென்சா எனப்படும் மாணவர் உணவகங்கள் இருக்கின்றன. ஆற்றங்கரையில் பழைய ஆயுதக் கிடங்கின் சுவர்களுக்குள் இயங்கும் மார்ஷ்டால் மென்சாவில் சைவ உணவும் கிடைக்கிறது.

வீட்டுக்குள்

ஜன்னலை நாள் முழுக்கச் சற்றே திறந்துவைப்பது தவறு, திறக்காமலே இருப்பதும் தவறு. நாளைக்கு இரண்டு மூன்று முறை, ஐந்து முதல் பத்து நிமிடம் முழுவதுமாகத் திறந்து மூட வேண்டும். நாம் சோறு வடிப்பதும் தாளிப்பதும் ஈரக்காற்றை நிறைய உண்டாக்குவதால், காற்றோட்டம் இல்லாத அறையில் சுவர் பூஞ்சை பிடிக்கும். அந்தச் செலவு முன்பணத்திலிருந்து கழிக்கப்படலாம். குப்பையைத் தாள், பொதியுறை, உணவுக்கழிவு, மற்றவை எனப் பிரித்தே போட வேண்டும். கண்ணாடியை நிறம் பார்த்துத் தெருவிலுள்ள தொட்டியில் போடலாம், ஆனால் ஞாயிறன்று போடக் கூடாது, ஏனென்றால் அதன் ஓசை ஓய்வு நாளைக் குலைக்கும். ஒருமுறை பயன்படுத்தும் பானப் புட்டிக்கும் தகர டின்னுக்கும் 25 சென்ட் வைப்புத்தொகை உண்டு. காலியானதும் அங்காடியில் இருக்கும் இயந்திரத்தில் போட்டுத் திரும்பப் பெறலாம். குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். இரவு பத்து மணிக்கு மேல் ஓசை எழுப்பாதீர்கள்.

போக்குவரத்தும் உடல்நலமும்

நாடு முழுவதும் உள்ளூர் வண்டிகளில் செல்ல உதவும் டாய்ச்லாண்ட் டிக்கெட்டின் விலை 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோ. 27 வயதுக்கு உட்பட்ட மாணவர்களுக்கு இந்த மாநிலத்தில் அதைவிடக் குறைந்த விலையில் ஓர் இளைஞர் சீட்டு உண்டு. சீட்டில்லாமல் பிடிபட்டால் அபராதம் 60 யூரோ. புதியவன், தெரியாது என்ற விளக்கம் எடுபடாது. சைக்கிள் வாங்குபவர்கள் முன்விளக்கும் பின்விளக்கும் எரிகின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

உயிருக்கு ஆபத்து என்றால் 112, காவல்துறைக்கு 110. இரவிலோ வார இறுதியிலோ காய்ச்சல் போன்ற ஆபத்தில்லாத நோய்க்கு 116117 என்ற எண்ணில் பணியிலிருக்கும் மருத்துவரைக் கேட்கலாம். நோய் வரும் முன்பே வீட்டுக்கு அருகில் ஒரு குடும்ப மருத்துவரைத் தேடிவைத்துக்கொள்வது நல்லது. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னோக்கி வைக்கப்படும். டிசம்பரில் மாலை நாலரைக்கே பொழுது சாய்ந்துவிடும். அந்த இருட்டு மனத்தை எவ்வளவு அழுத்தும் என்பதை அனுபவிக்கும்வரை நம்புவது கடினம். பகலில் அரைமணி நேரமாவது வெளியே நடங்கள். சோர்வு வாரக்கணக்கில் நீங்காவிட்டால் மாணவர் நல அமைப்பின் உளவியல் ஆலோசனைக்குத் தயங்காமல் செல்லுங்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை

கடைகள் மூடியிருக்கும் அந்த நாள்தான் ஊரைப் பார்க்க ஏற்ற நாள். காலையில் பழைய பாலத்தின் மேல் நடங்கள். 1788-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பாலத்தின் வளைவுகளை 1945 மார்ச்சில் பின்வாங்கிய ஜெர்மன் படையினரே தகர்த்தார்கள். 1947-இல் அது மீண்டும் எழுந்தது. தலைக்கு மேல் தெரியும் கோட்டை 1689-லும் 1693-லும் பிரெஞ்சுப் படைகளால் அழிக்கப்பட்டது. அப்போது ஊரும் எரிந்துபோனதால், இன்று நீங்கள் காணும் வீடுகளில் பெரும்பாலானவை அதற்குப் பிந்தையவை. தெருக்களின் வளைவு மட்டும் பழையது. பழைய பல்கலைக்கழகக் கட்டடத்துக்குப் பின்னால், குறும்பு செய்த மாணவர்களை 1914 வரை அடைத்துவைத்த மாணவர் சிறை இருக்கிறது. அவர்கள் சுவரெங்கும் வரைந்த ஓவியங்கள் இன்றும் அழியவில்லை.

பாலத்தைக் கடந்து மறுகரையில் ஏறினால் மெய்யியலாளர் பாதை. அங்கிருந்து கோட்டை, ஆறு, பாலம், கூரைகள் எல்லாம் ஒரே பார்வையில் அடங்கும். இறங்கி வந்த பின், ஆற்றின் தென்கரையில் பெர்க்ஹைம் பகுதியில் ஆற்றங்கரைச் சாலை ஒன்று இக்பால் உஃபர் என்று பெயர் பெற்றிருப்பதைத் தேடிப் பாருங்கள். ஜெர்மன் மொழி கற்க 1907-இல் இங்கே தங்கியிருந்த கவிஞர் முகமது இக்பாலின் நினைவாக வைத்த பெயர் அது. பெர்க்ஹைமில் ஃபோஸ்ட்ராசேயில் இருக்கும் தெற்காசிய நிறுவனம் 1962-இல் தொடங்கப்பட்டது. அங்கே தமிழ் பயின்ற ஜெர்மன் மாணவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஜெர்மனும் அவர்களுடைய தமிழும் ஏறக்குறைய ஒரே நிலையில் தடுமாறும் என்பதால், வாரம் ஒருமுறை சந்தித்து இரண்டு மொழிகளிலும் பேசிப் பழக அவர்களைவிடப் பொருத்தமான துணை கிடைப்பது அரிது.